தண்ணீர் நுழைந்த வழி

கணுக்கால் நனைந்த பிறகுதான் சாமிநாதன் தூண்டிலிலிருந்து கண்ணை எடுத்துக் கீழே பார்த்தார்.

"பாக்கியம்! என்னலா இது? போட்டுக்குள்ள கடல் நிக்குது!"

பாக்கியலட்சுமி முன்பக்கம் நங்கூரக் கயிற்றைச் சரி செய்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். அண்ணனும் அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேரும் பின் இருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காலடியில் ஐஸ் பெட்டி, இரை வாளி, கழற்றிப் போட்ட செருப்புகள். செருப்புகள் மிதந்துகொண்டிருந்தன.

அவள் ஓடிப்போய் பம்ப் விசையைத் தட்டினாள். அடியிலிருந்து தண்ணீரை இறைத்து வெளியே கொட்ட வேண்டிய பம்ப் அது. உறுமியதே தவிர, ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. நங்கூரத்தை இழுத்துப் போட்டுவிட்டு என்ஜினைக் கிளப்பினாள். படகு மூக்கைத் தூக்கியது. பின்பக்கம் இன்னும் அமிழ்ந்தது. கரை நோக்கிப் பாதி தூரம்கூட வரவில்லை, என்ஜின் இருமி நின்றது. பேட்டரி தண்ணீருக்குள் போய்விட்டது.

"அள்ளிக் கொட்டுங்க! பாத்துட்டு நிக்காதீங்க!" என்று கத்தினாள்.

ஒருவர் இரை வாளியால் அள்ளினார். இன்னொருவர் ஐஸ் பெட்டி மூடியால் அள்ளினார். சாமிநாதன் தன் கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, முருகா முருகா என்று சாமியைக் கூப்பிட்டார். நல்ல வேளையாக, வலை போட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பாக் மான் பார்த்துவிட்டார். கோலா சுங்கை பாருவில் எல்லோருக்கும் தெரிந்த மலாய் மீனவர். படகைப் பக்கத்தில் கொண்டுவந்து, ஆண்கள் மூவரையும் ஐஸ் பெட்டியோடு தன் படகுக்கு மாற்றிக்கொண்டார். பாக்கியத்தின் படகில் கயிறு கட்டி இழுத்தார். அவள் தனியாக உட்கார்ந்து கரை வரும்வரை அள்ளிக் கொட்டினாள். பம்ப் வாயில் சிக்கியிருந்தது யாரோ தின்றுவிட்டுப் போட்ட கடலைப் பை.

"எங்கே ஓட்டை, அக்கா?" என்று பாக் மான் மலாயில் கேட்டார்.

"தெரியல. கண்டுபிடிக்கணும்," என்றாள் அவளும் மலாயில்.

"என்ன கண்டுபிடிக்கிறது?" கரையில் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த சாமிநாதன் தமிழில் இடைமறித்தார். "ப்ளக் போட மறந்துட்டா. அவ்வளவுதான் விஷயம்."

படகின் பின்சுவரில் அடியில் கட்டைவிரல் நுழையும் அளவு ஒரு துளை இருக்கும். கரையேற்றியதும் அதைத் திறந்தால் உள்ளே தேங்கிய தண்ணீர் வடிந்துவிடும். திரும்ப இறக்குவதற்கு முன் ப்ளக் என்கிற அந்த அடைப்பைத் திருகிப் போட்டுவிட வேண்டும். மறந்தால் படகு மூழ்கும். அனுபவம் உள்ளவர்களே மறந்ததுண்டு என்பதால் சாமிநாதன் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை.

"போட்டேன் அண்ணே. என் கையால முறுக்கிப் போட்டேன்."

"சரி சரி. பொம்பளைப் பிள்ளை, பதட்டத்துல மறந்திருப்ப. உயிர் பொழைச்சோம்ல, விடு."

அவர் பெருந்தன்மையோடு சொன்னார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

*

பாக்கியலட்சுமி அலோர் காஜாவில் பள்ளி வேன் ஓட்டுகிறவள். சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அந்தத் தோட்டத்திலிருந்து கடல் ஒன்றும் தொலைவில்லை. ஆனால் அங்கிருந்து கடலுக்குப் போனவர் யாருமில்லை. பள்ளிப் பிள்ளைகளைப் பெங்காலான் பாலாக் கடற்கரைக்குச் சுற்றுலா ஏற்றிப்போன நாளில்தான், ஒரு குடும்பம் காருக்குப் பின்னால் படகை இழுத்துவந்து தண்ணீரில் இறக்கி, ஏறி உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே போவதைப் பார்த்தாள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்று முடிக்கும்வரை அந்தப் படகு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகு ஓட்டும் பயிற்சிக்குப் போய் லைசன்ஸ் எடுத்தாள். கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்த ஒரு சீனக் குடும்பத்திடமிருந்து இந்தப் பழைய ஃபைபர் படகை வாங்கினாள். வீட்டுக்காரர் காந்தன் ஆயர் குரோவில் தொழிற்சாலை வேலை. அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. அலையைப் பார்த்தாலே வயிறு புரளும். கரையில் நின்று கையாட்டுவதோடு சரி.

அண்ணன் சாமிநாதன் சிம்பாங் அம்பாட்டில் லாரிகள் வைத்திருப்பவர். படகு வந்த நாளிலிருந்து அவர்தான் அதற்குக் கேப்டன் போல நடந்துகொண்டார். யார் வருவது, எப்போது கிளம்புவது, எங்கே நங்கூரம் போடுவது எல்லாம் அவர் சொன்னபடி. லைசன்ஸ் மட்டும் தங்கச்சியுடையது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்புவதற்குள் செய்தி அவளை முந்திக்கொண்டு வந்திருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ குளியல் தொட்டி அடைப்பின் படத்தைப் போட்டு, 'பாக்கியம் அத்தைக்கு அன்பளிப்பு' என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசை கட்டின. சாமிநாதன் கோயிலிலும் ஒரு கல்யாண வீட்டிலும் அதையே கதையாகச் சொல்லியிருந்தார். அந்த வாரம் கோயிலில் ஒருத்தி வழிமறித்து, "அக்கா, வேன்ல சக்கரம் இருக்கான்னு பாத்துட்டு எடுத்தீங்களா?" என்று கேட்டாள். அவளும் சிரித்தாள், சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பாக்கியம் சிரிக்கவில்லை.

"நான் ப்ளக் போட்டேன்," என்று கோயில் வாசலில் நின்று சொன்னாள். "தண்ணி வேற எங்கிருந்தோ வந்திருக்கு. எங்கிருந்துன்னு கண்டுபிடிச்சு நானே வந்து சொல்றேன்."

அன்று மாலையே சாமிநாதன் வீட்டுக்கு வந்தார்.

"எதுக்குக் கோயில்ல போய் வம்பு? போட்டை வித்துரு பாக்கியம். இல்லன்னா நான் ஒரு ஆளைப் போடுறேன், அவன் ஓட்டட்டும். நீ சும்மா உக்காந்து வா."

"என் போட்டு அண்ணே. நான்தான் ஓட்டுவேன்."

"எஸ்டேட்டுல பொறந்துட்டுக் கடல்ல உனக்கு என்ன புடிவாதம்?"

"நீங்களும் அதே எஸ்டேட்டுதான். தூண்டில் பிடிக்கலையா?"

சாமிநாதன் தேநீரைக் குடித்து முடிக்காமல் எழுந்து போனார்.

*

முதலில் அவள் செய்தது, படகின் அடித்தளத்தில் இன்னும் தேங்கிக் கிடந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்ததுதான். உப்பு. அப்படியென்றால் மழை இல்லை, உருகிய ஐஸும் இல்லை. கடல்தான் உள்ளே வந்திருக்கிறது.

வீட்டு முன்புறம் வேனுக்குப் பக்கத்தில் ட்ரெய்லர் மேல் நின்றிருந்தது படகு. அடித்தளம் முழுவதையும் பழைய துண்டுகளால் துடைத்துக் காய வைத்தாள். ப்ளக்கைப் போட்டாள். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்து உள்ளே ஊற்றி, மேலே குழாயைப் பிடித்துத் தரைப்பலகை நனையும் அளவுக்கு நிரப்பினாள். அடியில் விரிசல் இருந்தால் மஞ்சள் நீர் வெளியே கசிய வேண்டும். கீழே வெள்ளைக் காகிதங்களைப் பரப்பிவிட்டு, முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து பார்த்தாள்.

எதிர்வீட்டுக் கோமளா வேலியோரம் வந்து நின்றாள். அலோர் காஜாவில் ஒரு கிளினிக்கில் மருந்து கொடுக்கிறவள்.

"என்னக்கா, போட்டுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துறீங்க? வயசுக்கு வந்துருச்சா?"

பாக்கியத்துக்கு வெகுநாள் கழித்துச் சிரிப்பு வந்தது. "ஓட்டை தேடுறேன்மா. நீயும் வந்து குனிஞ்சு பாரு."

இரண்டு பேரும் பார்த்தார்கள். வெயில் தாழும்வரை பார்த்தார்கள். காகிதத்தில் ஒரு மஞ்சள் பொட்டு விழவில்லை. ப்ளக்கைக் கழற்றியபோது மட்டும் அத்தனையும் சர்ரென்று வாசலில் ஓடியது.

அதை வேலையிலிருந்து திரும்பிய காந்தன் பார்த்தார். சாப்பிடும்போதுதான் மெதுவாக ஆரம்பித்தார்.

"பாக்கியம், கோவிச்சுக்காத. மனுசனுக்கு மறதி சகஜம்தானே. நான்கூட அடுப்பை நிறுத்தாம போயிருக்கேன்."

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"நீங்களுமா?"

"நான் உன்னைக் குத்தம் சொல்லல..."

"அண்ணன் சொன்னா எனக்குக் கோபம்தான் வரும். நீங்க சொன்னா, நான் போட்டேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துரும். அதனால சொல்லாதீங்க. என் கையால போட்டேன். அந்தத் திருகாணி கடைசியில இறுகுமே, அந்த இறுக்கம் என் விரல்ல இருக்கு."

காந்தன் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் அவரே போய்ப் புதுப் பேட்டரி வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தார். அதை அவள் மன்னிப்பாக எடுத்துக்கொண்டாள்.

என்ஜினுக்குள் தண்ணீர் ஏறியிருக்கவில்லை. மெக்கானிக் பார்த்துச் சரியென்று சொன்னதும் அடுத்த சனிக்கிழமை காலை படகை ஆற்று முகத்துவாரத்தில் இறக்கினாள். காந்தன் கரையில் நின்றார். ப்ளக்கைப் போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். பின்பக்கத் தரைப்பலகையின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக ஓட்டினாள். மெதுவாக ஓட்டினாள், வேகமாக ஓட்டினாள், சட்டென்று நிறுத்தினாள், வட்டமடித்தாள். அலையில் எகிறி இறங்கியபோது முதுகெலும்பு அதிர்ந்தது. திரும்பத் திரும்ப மூடிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே சருகாய்க் காய்ந்து கிடந்தது.

அதைவிடப் பெரிய இடி வேறு இல்லை. ஓட்டை இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். இப்போது படகு நல்ல படகு. அப்படியானால் ஓட்டுகிறவள்தான் கோளாறு.

சாமிநாதனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. தொலைபேசியில் கூப்பிட்டார். "பாத்தியா? இப்ப ப்ளக் போட்ட, தண்ணி வரல. இதுக்கு மேல என்ன புரூஃப் வேணும் உனக்கு?"

"தண்ணி வந்த வழி வேணும்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

*

பதில் அவளுக்குப் பள்ளிக்கூட வாசலில் கிடைத்தது.

அந்தப் பள்ளியின் நுழைவாயிலில் வேகத்தடை ஒன்று சற்று உயரமாகவே இருக்கும். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வேனோடு வெளியே வரும்போது அது ஒன்றும் செய்யாது. மதியம் பிள்ளைகளும் புத்தகப் பைகளுமாய் நிறைந்து வரும்போது மட்டும் வேனின் பின்பக்கம் அதில் கரகரவென்று உரசும். தினமும் கேட்கிற சத்தம்தான். அன்று திங்கட்கிழமை மதியம் அது உரசியபோது பாக்கியம் பிரேக்கை மிதித்து வேனை அங்கேயே நிறுத்திவிட்டாள்.

பின்னால் வந்த வேனை ஓட்டியவள் மலர்க்கொடி. அவளோடு ஒரே ஆண்டில் இந்தத் தொழிலுக்கு வந்தவள். ஹாரனை அழுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தாள்.

"என்ன ஆச்சு? டயரா?"

"இல்ல மலரு. பாரம்!"

"என்ன பாரம்?"

"அன்னிக்குப் பின்னால மூணு ஆம்பளைங்க. ஐஸ் பெட்டி வேற. முந்தாநாள் நான் மட்டும். பாக் மான் அவங்களைத் தூக்கித் தன் போட்டுல போட்டப்புறம் நான் அள்ளின தண்ணி திரும்ப ஏறவே இல்ல! இப்பத்தான் உறைக்குது. ஓட்டை அடியில இல்ல மலரு. மேல இருக்கு. பின்னால பாரம் ஏறி அமுங்கினாத்தான் அது தண்ணிக்குள்ள போகுது."

"சரி, முதல்ல வேனை எடு. பின்னால பத்து வண்டி நிக்குது."

அன்று மாலை அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். நடந்ததை விளக்கி, அதே மூன்று பேரும் வந்து அதே இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், கரையில் கட்டி வைத்தே பார்த்துவிடலாம் என்றாள்.

சாமிநாதன் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். "நாங்க என்ன அரிசி மூட்டையா, நீ வெச்சு நிறுத்துப் பாக்க? அந்தப் போட்டுல இனி என் காலு படாது. என் கூட்டாளிங்களும் வரமாட்டாங்க. போதும் பாக்கியம், ஊரே சிரிக்குது."

"சிரிக்க வெச்சது நீங்கதானே."

அவர் வைத்துவிட்டார்.

பாக்கியம் கைப்பேசியை மேசைமேல் போட்டுவிட்டு, வாசலைத் தாண்டி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"கோமளா, உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதேக்கா."

"பரவால்ல. லைஃப் ஜாக்கெட் இருக்கு. சனிக்கிழமை என் போட்டுல வந்து உக்காரணும். வேலை ஒண்ணும் இல்ல, பின்னால உக்காந்தா போதும்."

மலர்க்கொடியும் வருவதாகச் சொன்னாள். மூன்றாவது ஆள் வேண்டும், நல்ல கனமான ஆள். பாக்கியம் யோசித்து யோசித்துக் கடைசியில் அண்ணிக்கே கூப்பிட்டாள். சாமிநாதனின் மனைவி ஜெயா. அந்தப் படகு வந்ததிலிருந்து ஒரு முறைகூட அதில் ஏறாதவள். மீன் பிடிக்கப் போகும் ஆண்களுக்குச் சம்பலும் முட்டையும் கட்டிக் கொடுத்ததுதான் அவள் கண்ட கடல்.

ஜெயா எல்லாவற்றையும் கேட்டாள். "எதுக்கு என்னையத் தேர்ந்தெடுத்த?" என்றாள்.

பாக்கியம் தடுமாறினாள். "அண்ணி, அது வந்து... வெயிட்டு..."

மறுமுனையில் ஜெயா சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள்.

"இந்த உடம்பை வெச்சு ஒருத்தருக்கு உபகாரம்னா அது இதுதான். வரேன். உங்க அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். இல்ல, சொல்லவே போறதில்ல."

*

சனிக்கிழமை காலை. ஆற்று முகத்துவாரத்துப் படகுத்துறையில் நான்கு பெண்கள் சுடிதாருக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றதை மீனவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பாக் மான் வலையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று காந்தன் படகுக் கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையைத் தன் கையில் பிடித்திருந்தார்.

"ப்ளக் போட்டிருக்கு. எல்லாரும் தொட்டுப் பாருங்க," என்றாள் பாக்கியம், படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன்பே. மூவரும் குனிந்து தொட்டார்கள். பாக் மானும் கேட்காமலே வந்து தொட்டார்.

படகு மிதந்தது. மலர்க்கொடி முதலில் ஏறினாள். அடுத்து கோமளா, கண்ணை மூடிக்கொண்டு. ஜெயா ஏறும்போது படகு ஒரு பக்கம் சாய, "அலமாக்!" என்று மலாயில் பதறிக் கத்தி, பாக்கியத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் பின் இருக்கையில் போய் உட்கார்ந்தார்கள். காந்தன் தண்ணீர் நிரப்பிய ஐஸ் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். அதையும் பாக்கியம் அவர்கள் காலடியில் வைத்தாள். பின்பக்கம் அமுங்குவது கண்ணுக்கே தெரிந்தது.

அவள் தரைப்பலகை மூடியைத் திறந்து, குப்புறப் படுத்து, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டாள்.

"தண்ணி வருதா?" என்று கரையிலிருந்து காந்தன் கேட்டார்.

"இல்ல."

காத்திருந்தார்கள். வெயில் சுட்டது. கோமளா தனக்குத் தெரிந்த சாமி பெயர்களை எல்லாம் முணுமுணுத்தாள். காய்ந்த அடித்தளத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பாக்கியம் டார்ச்சை மூலை மூலையாக நகர்த்தினாள். இதுவும் இல்லையென்றால் ஒருவேளை... அந்த நினைப்பை அவள் முடிக்க விடவில்லை.

"பாக்கியம்," என்றாள் ஜெயா. அவள் திரும்பி இருக்கைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தத் தொட்டி மாதிரி இருக்கே, இதுல தண்ணி நிக்கலாமா?"

என்ஜின் மாட்டியிருக்கும் பின்சுவருக்கு முன்னால் அகலமான ஒரு பள்ளம் இருந்தது. அலை தெறித்து உள்ளே விழுந்தால் அதில் தேங்கி, இரண்டு மூலைத் துளைகள் வழியாகத் திரும்பக் கடலுக்கே வடிந்துவிடும். படகு அமுங்கியதில் அந்த வடிதுளைகளே தண்ணீருக்குள் போய், வெளியே போக வேண்டியது தலைகீழாக உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் விரல் ஆழத்துக்குத் தண்ணீர்.

"அது நிக்கலாம் அண்ணி. அதுக்குத்தான் அந்தப் பள்ளம். உள்ள வரக்கூடாது, அவ்வளவுதான்."

பாக் மான் ஏதோ புரிந்தவராய்த் தன் படகில் ஏறி அதைக் கிளப்பினார். துறையைக் கடந்து சற்று வேகமாகப் போய்த் திரும்பி வந்தார். அவர் கிளப்பிய அலைகள் வந்து மோதின. கோமளா அலறினாள். ஓர் அலை பின்சுவரைத் தாண்டிக் குதித்துப் பள்ளத்தை நிரப்பியது.

"பாக்கியம்! இங்க! இங்க!" ஜெயா இருக்கைக்கு அடியில் விரலை நீட்டிக் கத்தினாள். "ஒயர் வழியா ஊத்துது!"

பாக்கியம் டார்ச்சைத் திருப்பினாள். ஸ்டீயரிங் கேபிளும் எண்ணெய்க் குழாயும் அந்தப் பள்ளத்தின் சுவரைத் துளைத்துக்கொண்டு என்ஜினுக்குப் போகும். துளையை மூட, மடிப்பு மடிப்பாய் ஒரு கறுப்பு ரப்பர் உறை. அந்தக் கேபிள்களைச் சுற்றிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்துவிட்டது போல, சத்தத்தோடு, அடித்தளத்துக்குள் இறங்கி ஓடியது.

எழுந்து பள்ளத்துக்குள் கையை விட்டாள். மேலிருந்து பார்க்க உறை புத்தம் புதிதாய்த்தான் இருந்தது. அவள் எத்தனையோ முறை பார்த்த உறை. அடிப்பக்கம் விரலை ஓட்டினாள். ரப்பர் வாயைப் பிளந்து கிடந்தது. மூன்று விரல் தாராளமாக உள்ளே போயின.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவில்லை.

"கிடைச்சுதா?" காந்தன் கரையிலிருந்து கத்தினார்.

"கிடைச்சுது!" என்று மலர்க்கொடிதான் பதில் சொன்னாள். "ப்ளக்கும் இல்ல, கிளக்கும் இல்ல!"

ஜெயா கைப்பேசியை எடுத்திருந்தாள். தண்ணீர் கொட்டுவதை அருகில் போய்ப் படம் பிடித்தாள். பிறகு பின்சுவரின் அடியில் இறுகிக் கிடக்கும் ப்ளக்கை உள்பக்கத்திலிருந்து காட்டினாள். பேசியும் வைத்தாள்: "எல்லாரும் நல்லா பாத்துக்குங்க. ப்ளக் போட்டிருக்கு. தண்ணி இந்த ரப்பர் வழியா வருது. வெயிட்டா மூணு பேரு பின்னால உக்காந்தா வரும். இதைச் சொல்றது ஜெயா." அங்கேயே நின்று குடும்பக் குழுவில் போட்டாள். சிம்பாங் அம்பாட்டில் தன் கணவர் அதைப் பார்ப்பார் என்று தெரிந்தேதான் போட்டாள்.

*

குழுவில் அன்று யாரும் சிரிக்கவில்லை. சாமிநாதன் படத்தைப் பார்த்துவிட்டார் என்பதற்கு நீல அடையாளம் மட்டும் விழுந்தது. மாலையில் அவரே வந்தார்.

உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே படகைப் பார்த்தார். பழைய உறையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டிருந்தாள் பாக்கியம்.

"சரி, ப்ளக் இல்ல. ரப்பர்னே வெச்சுக்குவோம். அதுவும் உன் போட்டு ரப்பர்தானே? நீ பாத்திருக்கணும்ல?"

"ஆமா அண்ணே. அடியில கைவிட்டுப் பாக்காதது என் தப்பு. எத்தனை பேரைப் பின்னால உக்கார வைக்கலாம்னு சொல்லாம இருந்ததும் என் தப்பு. நீங்க ஏத்துனீங்க, நான் சும்மா இருந்தேன். இதை யாரு கேட்டாலும் சொல்வேன். ஆனா ப்ளக் போடாம விட்டது என் தப்பு இல்ல. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

"இப்ப என்னதான் சொல்ல வர?"

"கோயில்ல சொன்னீங்க, கல்யாண வீட்டுல சொன்னீங்க. நாலு பேரு முன்னால சொன்னதை நாலு பேரு முன்னால மாத்திச் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்தப் போட்டுல உங்களுக்கு எடம் இல்ல."

"ஒரு போட்டுக்காக அண்ணன் தங்கச்சி உறவை முறிச்சுக்கிறியா?"

"உறவு இருக்கு அண்ணே. உள்ள வாங்க, சாப்பிடுங்க. சீட்டுதான் இல்ல."

அவர் சாப்பிடாமல் போனார். அவள் தடுக்கவில்லை; திருகாணியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் படகில் பெண்கள் போனார்கள். மலர்க்கொடி தூண்டில் கட்டக் கற்றுக்கொண்டாள். கோமளா கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளப் பழகினாள். ஜெயா வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாளோ, ஒரு வாரமும் தவறவில்லை. அவள் பிடித்த முதல் மீன் ஒரு கெலாமா. அதைக் கொண்டுபோய்க் குழம்பு வைத்து, எங்கே பிடித்தது என்று சொல்லாமலே கணவருக்குப் பரிமாறினாளாம். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகு சொன்னாளாம்.

ஆயர் குரோவில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள் விருந்து. சாப்பாட்டு மேசையில் யாரோ ஒரு பெரியவர், விஷயம் தெரியாதவர், பழைய வேடிக்கையை எடுத்தார். "பாக்கியம், ப்ளக் எல்லாம் போட்டாச்சா?"

பாக்கியம் தட்டிலிருந்து தலையை உயர்த்தி அண்ணனைப் பார்த்தாள். பக்கத்தில் ஜெயாவும் அவரைப் பார்த்தாள்.

சாமிநாதன் கறியைப் பிட்டு வாயில் வைத்து, மென்று, விழுங்கினார்.

"ப்ளக் இல்லலா," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "ப்ளக்கை அவ சரியாத்தான் போட்டிருந்தா. ரப்பர் கிழிஞ்சு இருந்துச்சு. நாங்க மூணு தடியனுங்க பின்னால உக்காந்து அமுக்கிட்டோம். நான்தான் தெரியாம சொல்லிட்டேன்."

பிறகு தண்ணீர் கேட்டார். ஜெயா ஊற்றிக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் தூண்டிலோடு துறையில் வந்து நின்றார். சிநேகிதர்கள் யாரும் கூட வரவில்லை. வழக்கம்போலப் பின் இருக்கைக்குப் போனவரைப் பாக்கியம் கைகாட்டி நிறுத்தினாள்.

"அங்க இல்ல அண்ணே. முன்னால."

"முன்னால தண்ணி தெறிக்குமே?"

"தெறிக்கும்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் நகரவில்லை. தூண்டிலை ஊன்றிக்கொண்டு முன்பக்கம் போய் உட்கார்ந்தார். அன்று ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவள் ஜெயா. பாக்கியம் அவள் தோளருகே நின்று கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முகத்துவாரத்தைத் தாண்டியதும் திறந்த கடலின் முதல் அலை படகின் மூக்கில் மோதி, சாமிநாதனைத் தலை முதல் மடி வரை குளிப்பாட்டியது.

"ஸ்லோ! ஸ்லோ பண்ணு ஜெயா!" என்று கத்தினார்.

ஜெயா கையைத் தளர்த்தாமல் பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க கேப்டன் நான்தான்," என்றாள் பாக்கியம். "நீங்க போங்க அண்ணி."

ஜெயா வேக விசையை முன்னால் தள்ளினாள்.